சத்திரத்துச் சோறும் தாத்தாச்சாரி அனுமதியும்

நம் கல்லூரியில் படித்தவர்களில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்காதவர் ஒருவர்கூட இருக்க முடியாது. ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியதும் அங்கேதான், செமஸ்டர் லீவுக்கு பஸ் ஏறியதும் அங்கேதான். "சத்திரத்துல நில்லுடா, வந்துடறேன்" என்ற வாக்கியத்தை நான்கு வருடத்தில் எத்தனை நூறு தடவை சொல்லியிருப்போம்! ஆனால் அந்தப் பெயரில் ஒரு சத்திரம் இருக்கிறதே, சத்திரம் என்றால் வழிப்போக்கர்கள் சாப்பிட்டுப் படுத்த இடமாயிற்றே என்று ஒரு நாளாவது யோசித்தோமா? நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு ராத்திரி அனுபவம்.

2010ஆம் வருடம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தோம். சென்னையில் ஒரு கம்பெனியில் எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் மறுநாள் நேர்முகத் தேர்வு. நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். ஆளுக்கு அறுநூறு, எழுநூறு ரூபாய் கையில். எழும்பூரில் இறங்கி லாட்ஜ் லாட்ஜாக ஏறினோம். ஓர் இடத்தில் வாடகையைக் கேட்டதும் நாங்களே திரும்பிவிட்டோம். இன்னொரு இடத்தில் கவுண்டரில் இருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காலேஜ் பசங்களுக்கு ரூம் கிடையாது தம்பி" என்றார். மூன்றாவது இடத்தில் ரூம் இருந்தது, ஆனால் ஒரு ரூமில் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்றார்கள். ராத்திரி பத்து மணிக்கு, நம் கல்லூரியில் எங்களுக்கு இரண்டு வருடம் சீனியரான ஓர் அண்ணனுக்குப் போன் போட்டோம். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தார். பத்துக்குப் பத்து ரூம். ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். "ஏன்டா, இதுக்கெல்லாமா லாட்ஜுக்குப் போவாங்க? வாங்கடா" என்றார். ஏழு பேர் படுத்தோம். காலையில் மெஸ்ஸில் இட்லி வாங்கிக் கொடுத்து பஸ் நம்பரும் சொல்லி அனுப்பினார். எங்களில் இரண்டு பேருக்கு அந்த வேலை கிடைத்தது.

எங்கள் வகுப்பில் அதே தேர்வுக்கு அழைப்பு வந்த ஐந்தாவது ஆள் ஒருவர் இருந்தார். எங்களையெல்லாம் விட நன்றாகப் படித்த மாணவி. அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன்.

"சத்திரத்துச் சோற்றுக்குத் தாத்தாச்சாரி அனுமதியா?" என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. பொதுச் சோறு, போனால் கிடைக்கும், இதற்கு நடுவில் நீ யார் உத்தரவு கொடுக்க என்று அர்த்தம். அந்த ராத்திரிக்குப் பிறகு சத்திரங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்தது இதுதான்: பழமொழி என்ன சொன்னாலும், வழிப்போக்கனின் சோற்றுக்கும் படுக்கைக்கும் முன்னால் ஏதாவது ஒரு தாத்தாச்சாரி நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறார். காலத்துக்குக் காலம் ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.

ஆற்றுப்படையும் திண்ணையும்

எந்த ஊருக்கு எப்படிப் போவது, வழியில் எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையை வைத்திருந்தவர்கள் நாம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன ஆற்றுப்படை நூல்கள்தான் அவை. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனை எதிரே கண்டு வழி சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழி வருகிறது. அது இன்றைய திண்டிவனம் பக்கத்துப் பிரதேசம். எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும், வேலூரில் வேட்டுவர் குடியில் புளிச்சோறும் கறியும் கிடைக்கும், ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டும் கிடைக்கும் என்று ஊர்வாரியாகப் பட்டியல்! ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிட்டார்களோ அதுவே விருந்தாளிக்கும் கிடைத்தது. காசு என்ற பேச்சே இல்லை.

பொது இடத்தில் சோறு போடுவது என்ற எண்ணத்தை மணிமேகலை காப்பியம் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. புகார் நகரத்தின் உலக அறவி என்ற பொது அம்பலத்தில் மணிமேகலை அமுதசுரபியோடு நின்று பசித்தவர்க்கெல்லாம் உணவளிக்கிறாள். பசி ஒன்றுதான் அங்கே தகுதி. அந்த அம்பலத்துக்குக் காப்பியம் வைத்த பெயரையும் கவனியுங்கள். அதில் உலகமே அடங்கியிருக்கிறது.

பிற்காலத்து ஊர்களில் இந்த வேலையைச் செய்தது வீட்டுத் திண்ணை. தெருவைப் பார்த்த திண்ணையில் யாரோ ஒரு வழிப்போக்கன் படுத்திருப்பதும், காலையில் எழுந்து போவதும் சாதாரண விஷயம். சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல், கோடையில் தண்ணீர்ப் பந்தல், நடை ஓயும் இடத்தில் ஒரு சாவடி, அதற்கப்பால் சத்திரம் என்று ஒரு வரிசையே இருந்தது. ஆனால் திண்ணையும் எல்லோருக்கும் கிடைத்ததா? அக்கிரகாரத் திண்ணையில் சேரிக்காரர் உட்கார முடியாது. ஊர்த்தெருவில் செருப்போடு நடக்கவே விடாத காலம் அது. அனுமதி என்பது எழுதாமலே அமலில் இருந்தது.

ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரம்

மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம். ராணி மங்கம்மாள் ஆட்சிப் பொறுப்பேற்றது 1689ல். மதுரைக்கு ரயில் வந்தது 1875ல். அந்தம்மாள் காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து வந்த ரயிலில் இறங்கினவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் படுக்க இடம் விசாரித்தார்கள். சாலை போடுவதும், மரம் நடுவதும், சத்திரம் கட்டுவதும் சேர்ந்தே நடக்க வேண்டிய வேலை என்பதை அந்த ராணி புரிந்துவைத்திருந்தார். தெற்கே பல ஊர்களில் இன்றும் "மங்கம்மாள் சாலை" என்ற பெயர் இருக்கிறது.

இந்த விஷயத்தில் மிகப் பெரிய ஏற்பாடு தஞ்சை மராட்டிய மன்னர்களுடையது. தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு சுமார் 24 கிலோமீட்டர். ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டையும் ஏறத்தாழ அதே தூரம். அதற்கப்பால் ராஜாமடம், கடலோரமாக மணமேல்குடி, மீமிசல் என்று சத்திரங்கள் இருந்தன. மூட்டையோடு நடக்கிற மனிதன் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போவான். வெயில் ஏறும் வரை மூன்று மணி நேரம், வெயில் தாழ்ந்து மூன்று மணி நேரம் நடந்தால் 24 கிலோமீட்டர். பொறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மனிதக் காலை அளவுகோலாக வைத்துப் போட்ட டிசைன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரத்தநாட்டுச் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி மன்னர் தன் அன்புக்குரிய முத்தாம்பாள் பெயரில் 1802ல் ஏற்படுத்தினார். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயரில் ஒன்று. இப்படி அரண்மனைப் பெண்களின் பெயர்களைத் தாங்கிய சத்திரங்கள் பல. ஒரத்தநாட்டுக் கட்டடத்தின் ஒரு பக்கத்தைக் குதிரையும் யானையும் இழுக்கிற தேர் மாதிரி சக்கரங்களோடு செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் இறங்கி ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பது நமக்கு நன்றாகத் தெரியவருவதற்குக் காரணமே ஒரு நெருக்கடிதான். 1799 உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் நிர்வாகம் கும்பினியார் கைக்குப் போய்விட்டது. மன்னருக்குக் கோட்டையும் சுற்றுப்புறமும்தான் மிச்சம். நாடு போனாலும் போகட்டும், சத்திரங்களின் வருமானத்தில் கை வைத்துவிடாதீர்கள் என்று சரபோஜி 1801 ஜனவரியில் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் சத்திர நடைமுறையை விவரமாகச் சொல்கிறார். அந்தணர் முதல் ஒடுக்கப்பட்டோர் வரை எல்லா ஜாதி யாத்திரிகருக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும் தரப்படும். நடு ராத்திரியில் ஒரு மணி அடிப்பார்கள். இதுவரை சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்பதற்காக. குழந்தைகளுக்குப் பால் உண்டு. வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியமும் குணமாகும் வரை தங்க இடமும் உண்டு. யாத்திரையில் இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி இறுதிக் காரியமும் உண்டு. பிள்ளைகளுக்கு வாத்தியாரும் உண்டு.

அந்த நடு ராத்திரி மணியை நினைத்துப் பாருங்கள். அடுப்பை அணைப்பதற்கு முன் ஒரு தடவை இருட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். எழும்பூரில் பத்து மணிக்கு லாட்ஜ் படி இறங்கின எங்களுக்கு அந்த மணியின் அருமை புரியும்.

ஆனாலும் உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் சோறு உண்டு என்றாலும் எல்லோருக்கும் ஒரே பந்தி கிடையாது. சமையலறையும் உட்காரும் இடமும் ஜாதிவாரியாகத்தான் இருந்தன. காலப்போக்கில் பல சத்திரங்கள் குறிப்பிட்ட ஜாதிகளுக்கு மட்டும் என்று குறுகியும் போயின. 1855ல் தஞ்சை ராஜ்யமே முடிந்து, பிறகு சத்திர நிர்வாகம் ஜில்லா போர்டுக்கு வந்தது. சத்திர நிதியில் நடந்த விடுதிகளிலும் பாடசாலையிலும் பிராமணரல்லாத பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கவில்லை. 1920களில் ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம் முயன்றுதான் ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகளின் கதவு அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்தது. திருவையாற்று வடமொழிக் கல்லூரியில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. ராஜா வைத்த சோற்றுக்குத் தாத்தாச்சாரி அனுமதி தேவைப்பட்ட கதை இது!

காசி வரைக்கும்

தர்மம் செய்தது ராஜாக்கள் மட்டுமில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் ஏற்படுத்திய நகரச் சத்திரம் 200 ஆண்டுப் பாரம்பரியம் உள்ளது. விசுவநாதர் பூஜைக்கான பொருள்களைத் தினமும் சத்திரத்திலிருந்து "சம்போ" என்று முழங்கிக்கொண்டு எடுத்துப்போகும் வழக்கத்தையும் அவர்கள் விடாமல் நடத்துகிறார்கள். கயை, பிரயாகை, அயோத்தி என்று தமிழ் யாத்திரிகன் போகிற இடத்திலெல்லாம் ஒரு நகரச் சத்திரம். பாஷை தெரியாத ஊரில், ராத்திரி ரயிலில் வந்து இறங்கி, தமிழில் "வாங்க, சாப்பிட்டாச்சா?" என்ற குரலைக் கேட்டவர்களுக்குத்தான் அதன் மதிப்புத் தெரியும்.

ரயில் இல்லாத காலத்துப் பயணம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு தெலுங்குப் புத்தகம் இருக்கிறது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். கூட ஏறத்தாழ நூறு பேர். எந்த ஊரில் கடை இருக்கிறது, எங்கே தண்ணீர் நல்ல தண்ணீர், எங்கே தங்க இடம் உண்டு என்று ஒவ்வொரு முகாமிலும் எழுதிவைத்தார். பின்னால் வருகிறவன் அவஸ்தைப்படக் கூடாது என்ற நினைப்புதான் அதற்குக் காரணமாக இருந்திருக்கும். ஆற்றுப்படைப் பாணன் செய்த அதே வேலை!

சென்னைப் பட்டணத்திலும் இந்த தர்மம் நடந்தது. ஹைதர் அலி படையெடுப்பையொட்டி வந்த பஞ்சத்தில் 1782ல் ஒரு கஞ்சித் தொட்டி திறந்தார்கள். மணியக்காரர் பார்த்துக்கொண்டதால் அதற்கு மணியக்காரர் சத்திரம் என்று பெயர். பசியோடு வந்தவர்களில் பலர் நோயாளிகளாகவும் இருந்ததால் அதை ஒட்டி வைத்தியசாலையும் வந்தது. அதுதான் வளர்ந்து இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரில் ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் கட்டிய சத்திரம், ரயிலில் வந்து இறங்கும் ஏழைகளுக்கு இடம் கொடுத்தது. அதே வட்டாரத்தில் இஸ்லாமியப் பயணிகளுக்காகச் சித்திக் சராய் ஏற்பட்டது. பொதுவாக சத்திரங்களில் மூன்று நாள் கணக்கு. மூன்று ராத்திரிக்குள் வந்த காரியத்தை முடித்துக்கொண்டு அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். எவ்வளவு சரியான கணக்கு!

ரயிலும் காசும்

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது. ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரம் என்ற கணக்கு அன்றைக்கே ஆட்டம் கண்டுவிட்டது. நாலு நாள் நடையை ரயில் அரை நாளில் முடித்தால் நடுவில் இருக்கிற சத்திரங்களுக்கு யார் வருவார்கள்? இனிமேல் ஜனம் கூடும் இடம் ஸ்டேஷன் வாசல். அங்கே சோறு தர்மத்துக்கு இல்லை, காசுக்கு.

காசு கொடுத்துச் சாப்பிடுவது கேவலம் என்று நினைத்த தலைமுறை ஒன்று இருந்தது. சோறு விற்பது பாவம் என்றும் சொன்னார்கள். ஆனால் எனக்கு வேறு விதமாகப் படுகிறது. காசு கொடுக்கிறவன் தன் குலம் கோத்திரம் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்த காசுக்குக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். இந்தச் சுதந்திரமும் லேசில் வரவில்லை. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்களிலேயே பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்தது. பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941ல்தான் அது ஒழிந்தது. ஒரே டிக்கெட் விலை கொடுத்து ஒரே வண்டியில் வந்தவர்கள், இட்லி சாப்பிடும்போது மட்டும் பிரிந்து உட்கார்ந்தார்கள் என்றால் இன்றைய மாணவர்கள் நம்புவார்களா?

சட்டமும் படிப்படியாகத்தான் வந்தது. 1938ல் எம்.சி. ராஜா சென்னை மாகாணச் சட்டசபையில் கொண்டுவந்த சட்டம், தாழ்த்தப்பட்டோரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றம் என்றது. 1950 ஜனவரி 26ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடைகள், பொது உணவு விடுதிகள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுத்தது. 1955ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலை, சராய், முசாபர்கானா ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஒரு தேசத்தின் அடிப்படைச் சட்டத்தில் ஓட்டலுக்கு ஏன் இடம் என்று நான் மாணவனாக இருந்தபோது ஆச்சரியப்பட்டதுண்டு. இவ்வளவும் படித்த பிறகு ஆச்சரியம் போய்விட்டது. சட்டம் வந்த பிறகும் 1957ல் ஓட்டல் போர்டில் "பிராமணாள்" என்று எழுதுவதை எதிர்த்துத் திருவல்லிக்கேணியில் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு பக்கம், ஓட்டல் தொழில் சாதாரண மனிதர்களை உயர்த்தியது. உடுப்பி பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சமையற்கட்டில் எடுபிடி வேலையில் ஆரம்பித்த கே. கிருஷ்ண ராவ், 1938ல் சென்னை ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். சாப்பாடும் தங்கும் அறையும் ஒரே இடத்தில் கிடைத்தன. கறிச்சோறு சாப்பிடுகிற பயணிக்குச் சத்திரமும் உதவாது, உடுப்பி ஓட்டலும் உதவாது. அந்தக் குறையைத் தீர்த்தது திருமங்கலம் அருகே உள்ள வடக்கம்பட்டிக்காரர்கள். அந்த ஊர் சுப்பா நாயுடு 1930களில் காரைக்குடியில் தொடங்கிய கடைதான் முதல் முனியாண்டி விலாஸ். அதன் பிறகு உறவும் சிநேகமுமாகக் கடைகள் பெருகின. முதல் வியாபாரத்தில் ஒரு பங்கை எங்கள் முனியாண்டிசாமிக்கு என்று எடுத்துவைத்து, வருடத்துக்கு ஒரு தடவை தை மாசி வாக்கில் ஊரில் கூடி, வந்தவர்க்கெல்லாம் பிரியாணிப் பிரசாதம் கொடுக்கிறார்கள். காசுக்குச் சோறு விற்றவர்கள், வருடத்தில் ஒரு நாளாவது காசில்லாமல் போட்டால்தான் மனசு ஆறும் என்று நினைத்திருக்கிறார்கள். சத்திரத்து தர்மம் அப்படியும் பிழைத்துக் கிடக்கிறது!

நம் காலத்தில்

சத்திரம் என்ற சொல்லுக்கு இன்றைய பிள்ளைகள் கல்யாண மண்டபம் என்றுதான் அர்த்தம் சொல்வார்கள். பல சத்திரங்கள் பள்ளிக்கூடமாயின, சில இடிந்தன, சில பெயராக மட்டும் நிற்கின்றன. ஆனால் மலிவுச் சோற்றுக்கு நாடு வேறு வழிகள் கண்டுபிடித்திருக்கிறது. 2002ல் தமிழகக் கோயில்களில் அன்னதானத் திட்டம் தொடங்கியது. 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகங்கள் திறந்தபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். வேலை தேடி வந்தவனும், ஆஸ்பத்திரிக்கு வந்தவனும், ஆட்டோ ஓட்டுபவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். தட்டை நீட்டியவரிடம் யாரும் எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்கவில்லை. 2023ல் ரயில்வே, முன்பதிவில்லாத பெட்டிகளில் வருகிறவர்களுக்காக நடைமேடையில் 20 ரூபாய்ச் சாப்பாட்டை ஆரம்பித்தது.

சோற்றுக்கு ஒரு மாதிரி வழி பிறந்துவிட்டது. படுக்கைக்குத்தான் இன்னும் பிறக்கவில்லை. ஜாதி கேட்ட தாத்தாச்சாரி போய், வேறு கேள்விகளோடு ஒருவர் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார். தனியாக வந்தாயா? காலேஜ் பையனா? கூட வந்த பெண் யார்? அட்வான்ஸ் எவ்வளவு தருவாய்?

இப்போது அந்த ஐந்தாவது ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் அப்பா மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். இரண்டு நாள் லீவு கிடைக்கவில்லை. சென்னையில் உறவினர் யாரும் இல்லை. தனியாக வரும் பெண்ணுக்கு லாட்ஜில் இடம் கொடுப்பார்களா என்று விசாரிக்கக்கூட அவர் வீட்டில் பயம். எங்கள் சீனியர் அண்ணனின் மேன்ஷன் எங்களுக்குத் திறந்தது, அவருக்குத் திறக்க வழியில்லை. மேன்ஷனில் பெண்களுக்கு இடமே கிடையாதே! ஊரிலேயே ஒரு வேலையைத் தேடிக்கொண்டார். நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அந்த வேலை யாருக்குப் போயிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கிடைத்த இரண்டு பேரில் நான் ஒருவன்.

2023 முதல் தமிழக அரசு "தோழி" விடுதிகளைத் திறந்துவருவது, வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரிக்காக வெளியூர் போகும் நம் மாணவிக்கு அரசாங்கம் வரும் வரை காத்திருக்க வேண்டுமா?

ஒரு யோசனை

நம் சங்கத்தில் டாக்டர், வக்கீல், தொழிலதிபர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். சென்னை, பெங்களூர், கோவை, ஹைதராபாத், புனே என்று நம் ஆட்கள் இல்லாத ஊரே இல்லை. ஊருக்கு ஊர், இன்னார் வீட்டில் ஒரு மாணவர் தங்கலாம், இன்னார் வீட்டில் ஒரு மாணவி தங்கலாம் என்று சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்க முடியாதா? நம் கல்லூரிப் பெண்கள் எத்தனையோ பேர் இந்த ஊர்களில் குடும்பமாக இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு முகவரி என்றால் எந்தப் பெற்றோரும் தைரியமாக அனுப்புவார்கள். பழைய சத்திரத்துக் கணக்கையே வைத்துக்கொள்வோம்: மூன்று ராத்திரி, ஒரு பாய், ஒரு வேளைச் சோறு, வழிக்கு பஸ் நம்பர். கல்லூரி அடையாள அட்டை ஒன்று போதும், வேறு கேள்வி வேண்டாம். நிதி திரண்டால், சென்னையில் ஒரு ஃபிளாட்டை மாணவிகளுக்கென்றே வாடகைக்கு எடுப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் பதிவேடு.

இந்த மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஆசிரியர் குழு நண்பர், "ஏதாவது பழைய நினைவுகளை எழுதுங்க சார்" என்றார். நான் சத்திரத்தைப் பற்றி எழுதிவிட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டை இப்போது புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. சங்கமத்துக்கு வரும் நண்பர்கள் அங்கே இறங்கும்போது அந்தப் பெயரை ஒரு தடவை அண்ணாந்து படியுங்கள். விழா அன்று வரவேற்பு மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்போம். முதல் பக்கத்தில் என் வீட்டு முகவரியை ஏற்கெனவே எழுதிவிட்டேன். மாணவிகளும் தங்கலாம் என்று அதற்குக் கீழே எழுதியது என் மனைவி. அடுத்த வரி காலியாக இருக்கிறது.